ஆசாரிய புத்தகோஷரும் எண்ணங்களை அகற்றும் நெறியும்

பௌத்த உலகம் போற்றும் உரையாசிரியர்களுள் தலைசிறந்தவர் ஆசாரிய புத்தகோஷர். இலங்கை, பர்மா, தாய்லாந்து, கம்போடியா ஆகிய நாடுகளில் பாலி மொழி பயில்வோர் அவருடைய உரைகளைத் துணையாகக் கொண்டே திரிபிடகத்தைக் கற்று வருகின்றனர். அவர் பெயரை அறிந்தோர் பலர். ஆயினும், அவர் மனத்துயர் நீங்குதற்கு மிக நுட்பமான வழிகளைத் தொகுத்து வைத்தவர் என்பதை அறிந்தோர் சிலரே. அவ்வழிகளை அவருடைய வாழ்க்கையோடு சேர்த்து இங்குச் சுருக்கமாக எடுத்துரைக்க விரும்புகிறோம்.

இப்பொருளை நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. வாணிகத்தில் நட்டமடைந்த ஒருவன் இரவில் உறக்கமின்றிப் புரளுகிறான். தேர்வில் தவறிய மாணவன் தன்னை எதற்கும் உதவாதவன் என்று கருதி ஒடுங்கிப் போகிறான். உறவினர் சொன்ன ஒரு கடுஞ்சொல்லை ஒரு பெண் பத்தாண்டுகளாகத் தன்னுள்ளேயே கேட்டுக்கொண்டிருக்கிறாள். நட்டமும் தோல்வியும் கடுஞ்சொல்லும் ஒருமுறை நிகழ்ந்தவை. அவற்றைப் பற்றிய எண்ணமோ நாள்தோறும் நிகழ்கின்றது. அவ்வெண்ணத்தை அவர்கள் ஓர் எண்ணம் என்று காண்பதில்லை. உண்மை என்றே நம்புகின்றனர். தம்முடைய குரல் என்றே கொள்கின்றனர். துன்பம் முற்றுவது அவ்விடத்திலேதான். எண்ணத்திற்கும் நமக்கும் இடையே சிறிது இடைவெளி உண்டாக்க இயலுமா? இயலும் என்றும், அஃது எவ்வாறு என்றும் ஏறக்குறைய ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே புத்தகோஷர் எழுதி வைத்துள்ளார்.

பிறந்த நாடு

புத்தகோஷர் கி.பி. 5ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், இலங்கையை மகாநாமன் என்னும் அரசன் ஆண்ட காலத்தில், அநுராதபுரம் சென்றவர். அவர் வரலாற்றைக் கூறும் பழைய நூல் சூளவமிசம். அதன் இப்பகுதி 13ஆம் நூற்றாண்டில் தம்மகித்தி தேரரால் இயற்றப்பட்டதென்பர். அந்நூல் அவரைப் புத்தகயையில் உள்ள போதி மரத்திற்கு அருகே பிறந்த அந்தணர் என்று கூறுகின்றது. ஆனால், அவருடைய நூல்களின் இறுதியில் உள்ள குறிப்புகள் தென்னாட்டையே சுட்டுகின்றன. விசுத்திமக்கத்தின் முடிவுரை மோரண்டகேடகம் என்னும் ஊரோடு அவரைத் தொடர்புபடுத்துகின்றது. மயில் முட்டை என்னும் பொருள் அப்பெயரில் அடங்கியுள்ளது. அறிஞர் தர்மானந்த கோசாம்பி, குண்டூர் மாவட்டத்தில் நாகார்ஜுனகொண்டாவுக்கும் அமராவதிக்கும் எட்டிய தொலைவிலுள்ள கோட்டநெமலிபுரி, குண்டலபள்ளி என்னும் ஊர்களை அதற்குப் பொருத்திக் காட்டினார். நெமலி என்பது தெலுங்கில் மயிலைக் குறிக்கும் சொல் என்பதைச் சித்தூர்ப் பகுதி அன்பர்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

தமிழகத்தோடு அவருக்கிருந்த தொடர்பு ஐயத்திற்கு இடமற்றது. மச்சிம நிகாயத்திற்கு அவர் எழுதிய பபஞ்சசூதனி என்னும் உரையின் இறுதியில், முன்பு மயூரபட்டணத்தில் தம்மோடு தங்கியிருந்த புத்தமித்திர தேரர் வேண்டியதற்கிணங்க அவ்வுரையை எழுதியதாகக் குறிப்பிடுகிறார். மயூரபட்டணத்தை மயிலாடுதுறை என்பாரும் மயிலாப்பூர் என்பாரும் உளர். அங்குத்தர நிகாயத்தின் உரையாகிய மனோரதபூரணியை, காஞ்சிபுரம் முதலிய இடங்களில் தம்மோடு வாழ்ந்த சோதிபால தேரரின் வேண்டுகோளால் இயற்றியதாகக் கூறுகிறார். ஆகவே, ஆந்திரம், காஞ்சி, இலங்கை என்னும் மூன்றனையும் இணைத்து நிற்பது அவருடைய வாழ்க்கை. வடவேங்கடமே தமிழகத்தின் எல்லை என்று பழந்தமிழர் வகுத்தனர். அவ்வெல்லைக்கு இருபுறமும் தமிழும் தெலுங்கும் கலந்து வழங்குகின்ற இந்நாட்டில், குப்பத்தை அடுத்த சாந்திபுரம் போன்ற ஊர்களில் வாழும் நமக்கு இவ்வாசாரியர் அயலவர் அல்லர்.

வாதத்திலிருந்து கல்விக்கு

சூளவமிசம் கூறும் வரலாறு வருமாறு. இளமையில் அவர் வேதங்களிலும் பிற கலைகளிலும் வல்லவராகி, ஊர்தோறும் சென்று வாதம் புரிந்து வந்தார். ஒரு நாள் இரவு ஒரு விகாரையில் தங்கிப் பதஞ்சலியின் கொள்கையை ஓதிக்கொண்டிருந்தார். அதைக் கேட்ட ரேவத தேரர் அவரோடு வாதிட்டு வென்றார். பின்னர்த் தேரர் தம் நெறியிலிருந்து ஒரு பகுதியை எடுத்துரைக்க, அதன் பொருள் இளைஞருக்கு விளங்கவில்லை. அதனைக் கற்பிக்குமாறு அவர் வேண்டினார். துறவு பூண்டால் கற்பிப்போம் என்றார் தேரர். கற்கும் ஆவலால் துறவு பூண்டவர், கற்கக் கற்க, அதுவே விடுதலைக்குரிய வழி என்று தெளிந்தார். புத்தரைப் போன்ற ஆழ்ந்த குரலுடையவர் என்பதனால் புத்தகோஷர் என்னும் பெயர் அமைந்ததென்பர்.

பர்மாவில் மகாமங்கலர் என்னும் தேரர் எழுதியதாக வழங்கும் புத்தகோஷுப்பத்தி என்னும் நூல் மற்றொரு நிகழ்ச்சியைக் கூறுகின்றது. அது பிற்காலத்துக் கதைநூல். வரலாற்றுச் சான்றாக அதனைக் கொள்ளுதல் இயலாது. எனினும், நம் பொருளுக்கு அது மிகவும் உரியது. துறவியாகித் திரிபிடகத்தைக் கற்றபின், ஒரு நாள் தனித்திருந்தபோது, கல்வியில் தாம் பெரியவரா, தம் குருநாதர் பெரியவரா என்னும் எண்ணம் இளம்பிக்குவின் உள்ளத்தில் எழுந்தது. குருநாதர் அதனை உணர்ந்து, இவ்வாறு எண்ணுதல் உமக்குத் தகாது என்று கூறினார். பிக்கு நடுங்கி மன்னிப்பு வேண்டினார். இலங்கைக்குச் சென்று, அங்குள்ள உரைகளைப் பாலியில் ஆக்கித் தந்தால் மன்னிப்போம் என்றார் குரு.

இக்கதையில் நாம் காணவேண்டியது ஒன்றுண்டு. செருக்கான எண்ணம் ஒன்று எழுந்ததற்காகக் குரு அவரைத் தள்ளிவிடவில்லை. எண்ணம் யாருக்கும் எழும். அதைப் பற்றிக்கொண்டு அதன் வழியே நடப்பதே தீங்கு. குரு அவ்வெண்ணத்தைச் சுட்டிக்காட்டினார். அதன் இடத்தில் ஒரு நற்செயலை வைத்தார். அச்செயலை முடிக்க ஒரு வாழ்நாள் தேவையாயிற்று.

கடலிலும் கரையிலும்

இலங்கை நோக்கிச் சென்ற மரக்கலம் நடுக்கடலில், அங்கிருந்து திரும்பி வந்த மற்றொரு மரக்கலத்தைச் சந்தித்தது என்றும், அதில் இருந்தவர் உறையூரினரான புத்ததத்த தேரர் என்றும் மரபு கூறுகின்றது. தாம் முடிக்க இயலாத பணியை இவ்விளைஞர் முடிக்கப் போகிறார் என்று கேட்ட புத்ததத்தர் அழுக்காறு கொள்ளவில்லை. எழுதும் உரைகளைத் தமக்கு அனுப்புமாறும், தாம் அவற்றைச் சுருக்கித் தருவதாகவும் கூறி வாழ்த்தினார். அவ்வாறே பின்னர் அபிதம்மாவதாரம், விநயவிநிச்சயம் ஆகிய சுருக்க நூல்களை அவர் சோழநாட்டில் இயற்றினார் என்பர். தம்மினும் மிக்கார் ஒருவரைக் கண்ட அளவில் நெஞ்சில் எழக்கூடிய கசப்பை அவ்வந்தணாளர் எவ்வளவு எளிதாகக் கடந்துவிட்டார் என்பது எண்ணத்தக்கது.

கரையேறிய பின் நிகழ்ந்ததாகக் கூறப்படும் ஒரு நிகழ்ச்சியும் அக்கதைநூலில் உண்டு. துறையில் நீர் முகக்க வந்த பணிப்பெண்கள் இருவருள் ஒருத்தியின் குடம் மற்றவள் மோதியதால் உடைந்தது. இருவரும் வாயில் வந்தவாறு ஒருவரையொருவர் ஏசிக்கொண்டனர். அங்கிருந்த புத்தகோஷர், வேறு சாட்சி இல்லாமையால் தம்மையே அழைப்பர் என்று உணர்ந்து, அவர்கள் பேசியவற்றை ஏட்டில் அப்படியே எழுதி வைத்துக்கொண்டார். வழக்கு அரசனிடம் சென்றபோது, அவ்வேட்டையே சான்றாக அனுப்பினார். அரசன் வியந்தான்.

வசைமொழி முழுவதும் அவர் செவியில் விழுந்தது, ஏட்டிலும் ஏறியது, ஆனால், உள்ளத்தில் ஏறவில்லை. அவர் அதனைத் தடுக்கவுமில்லை. அதனோடு சேர்ந்து கொதிக்கவுமில்லை. யார் என்ன சொன்னார் என்று குறித்துக்கொண்டார். நம் உள்ளத்தில் எழும் வசைகளையும் இவ்வாறு குறித்துக்கொள்ளக் கற்றோமானால், அவற்றின் கொடுமை பெரிதும் தணிந்துவிடும்.

மூன்று முறை எழுதிய நூல்

அநுராதபுரத்து மகாவிகாரையில் சங்கபால தேரரிடம் சிங்கள உரைகளைக் கேட்டுத் தெளிந்தபின், அவற்றைப் பாலியில் ஆக்கும் பொருட்டு ஏடுகளைத் தருமாறு அவர் வேண்டினார். பிக்குகள் உடனே தந்துவிடவில்லை. இரண்டு பாடல்களைக் கொடுத்து, அவற்றிற்கு விளக்கம் எழுதித் தகுதியைக் காட்டுமாறு கூறினர். உள்ளும் புறமும் மக்களைப் பிணித்திருக்கும் சிக்கலைப் பற்றிய வினாவும், அதனை அவிழ்க்க வல்லவன் யாவன் என்பதற்கான விடையுமே அவற்றின் பொருள். அவ்விரு பாடல்களுக்கு விளக்கமாக எழுந்ததே 23 அதிகாரங்களைக் கொண்ட விசுத்திமக்கம். மூங்கிற்புதரில் கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது போலவே ஆசை மனத்தைப் பின்னியுள்ளது என்று அவர் அந்நூலின் தொடக்கத்தில் விளக்குகிறார். ஓர் எண்ணத்தை இழுத்தால் அதனோடு நூறு எண்ணங்கள் வருவதை அறிந்தவர்க்கு அவ்வுவமையின் அருமை விளங்கும்.

நூலை முடித்து அவையில் வைக்கச் சென்றபோது தேவர்கள் அதனை மறைத்துவிட்டனராம். அவர் மீண்டும் எழுதினார். அதனையும் மறைத்தனர். மூன்றாம் முறையும் எழுதினார். அப்போது முன்னைய இரண்டு பிரதிகளும் வெளிப்பட, பிக்குகள் மூன்றனையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். பொருளிலோ, வரிசையிலோ, எழுத்திலோ வேறுபாடு காணவில்லை என்று சூளவமிசம் கூறுகின்றது. தேவர் செயலை நம்புவாரும் நம்பாதாரும் இருக்கலாம். கைப்பொருள் போலக் காத்த உழைப்பு இருமுறை மறைந்தபோது, எல்லாம் வீணாயிற்று என்னும் எண்ணம் எழாமல் இருந்திருக்குமா? அவ்வெண்ணத்திற்கு விடைகொடுத்துவிட்டு எழுத்தாணியை மறுபடியும் கையில் எடுத்தவராகவே மரபு அவரை நினைவில் வைத்துள்ளது.

பின்னர்க் கந்தாகர விகாரையில் தங்கி அவர் உரைப்பணியை நிறைவேற்றினார். அவ்வளவு நூல்களிலும் தம்மைப் பற்றி அவர் கூறியவை சில வரிகளே. மகாவிகாரையின் முன்னோர் கருத்தைத் தருவதே தம் கடமை என்று கொண்டு, தம் சொந்தக் கருத்தைப் பின்னே நிறுத்தினார். வாதத்தில் வெல்வதற்காக ஊர்தோறும் திரிந்தவர் என்று சொல்லப்படும் ஒருவர் இந்நிலைக்கு வந்தமை சிறிய மாற்றமன்று. பணி முடிந்தபின் போதி மரத்தை வழிபடப் பாரதநாடு திரும்பினார் என்று சூளவமிசம் முடிக்கின்றது.

ஐந்து வழிகள்

மச்சிம நிகாயத்தின் 20ஆம் சூத்திரம் விதக்கசண்டான சூத்திரம். வேண்டாத எண்ணங்களை அடக்குதற்கு ஐந்து வழிகளைப் புத்தர் பெருமான் அதில் அருளியுள்ளார். புத்தமித்திரர் வேண்ட எழுந்த உரையில் புத்தகோஷர் அவற்றை விரித்துரைக்கிறார்.

முதல் வழி, தீய எண்ணத்தின் இடத்தில் நல்ல எண்ணத்தை வைத்தல். தச்சன் பெரிய ஆப்பைச் சிறிய ஆப்பினால் அடித்து வெளியேற்றுவது இதற்கு உவமை. எந்த ஆப்புக்கு எந்த ஆப்பு என்பதை உரை வகுத்துக் காட்டுகின்றது. ஒருவர்மேல் எழும் வெறுப்புக்கு மைத்திரி மருந்து. பொருள்கள்மேல் எழும் ஆசைக்கு அவற்றின் நிலையாமையை நினைத்தல் மருந்து. மயக்கத்திற்கு ஆசிரியரை அண்டி வாழ்தலும், கற்றலும், ஐயம் வினாவுதலும் மருந்து.

இரண்டாம் வழி, அவ்வெண்ணத்தால் விளையும் தீங்கை எண்ணிப் பார்த்தல். அணிமணிகளால் தன்னை அழகு செய்துகொள்ளும் இளைஞன் ஒருவன் தன் கழுத்தில் செத்த பாம்பு தொங்குவதைக் கண்டால் எவ்வாறு அருவருப்பானோ, அவ்வாறு அதனை நோக்குதல்.

மூன்றாம் வழி, அதனைக் கவனியாது விடுதல். காண விரும்பாத ஒன்று எதிரே வந்தால் கண்ணுடையவன் கண்ணை மூடிக்கொள்வான். அல்லது வேறுபுறம் திரும்புவான். இவ்விடத்தில் உரை கூறுவது மிகவும் நடைமுறைக்கு ஏற்றது. கற்ற பாடத்தை வாய்விட்டு ஓதலாம். அதுவும் பயன் தராவிடில், பையில் உள்ள பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து, இது தீக்கடைகோல், இது ஊசி என்று பெயர் சொல்லிப் பார்க்கலாம். அதுவும் போதாதெனில் கட்டட வேலையில் கைகொடுக்கலாம் என்கிறது. துறவை விட்டுவிட எண்ணிய திஸ்ஸன் என்னும் இளந்துறவியின் கதையும் அங்கே வருகின்றது. அவனுடைய ஆசிரியர் அவனைக் கடிந்துகொள்ளாமல், குகையில் ஓர் இருப்பிடம் அமைக்கும் வேலையைக் கொடுத்தார். வேலை முடிவதற்குள் அவனுடைய எண்ணம் மாறிவிட்டது. சோர்வுற்றவன் கைக்கு ஒரு வேலை கொடுத்தலின் பயனை அக்காலத்தார் நன்கு அறிந்திருந்தனர்.

நான்காம் வழி, எண்ணத்தின் காரணத்தை ஆராய்ந்து மெல்ல மெல்லத் தணித்தல். விரைந்து நடப்பவன், நாம் ஏன் விரைகிறோம் என்று தன்னையே கேட்டு மெதுவாக நடந்து, பின் நின்று, பின் அமர்ந்து, பின் படுப்பது போன்றது இது. வில்வப்பழம் விழுந்த ஓசையைக் கேட்டு உலகமே அழிகின்றதென்று ஓடிய முயலின் கதையை உரை இங்கு எடுத்துக்காட்டுகின்றது. முயலைக் கண்டு மற்ற விலங்குகளும் ஓடின. ஓசை எழுந்த இடத்திற்குச் சென்று பார்த்த பின்னரே அச்சம் நீங்கிற்று. நம்முடைய அச்சங்களுள் எத்தனை வில்வப்பழங்கள் என்று நாம் எண்ணிப் பார்த்தல் நன்று.

ஐந்தாம் வழி, பல்லைக் கடித்து, நாவை மேலண்ணத்தில் அழுத்தி, மனத்தால் மனத்தை அடக்குதல். வலியவன் எளியவனைத் தலையைப் பிடித்து அமுக்குவது போன்றது இது. இதனை இறுதியில் வைத்திருப்பதை வாசகர் கருத வேண்டும். நம்மில் பலர் முதலில் கைக்கொள்வது இதுவே. பயன்படாமையைக் கண்டு மனம் உடைவதும் இதனாலேயே.

சினத்தைக் கரைத்தல்

விசுத்திமக்கத்தின் 9ஆம் அதிகாரம் மைத்திரியைப் பற்றியது. மைத்திரியைத் தன்னிடத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்று அங்கே விதிக்கப்பட்டுள்ளது. தன்னை ஓயாது பழித்துக்கொள்ளும் இயல்புடையோர் இதனை ஊன்றி நோக்க வேண்டும். தான் நலமாக இருக்க வேண்டும் என்று விரும்புதல் தன்னலம் அன்று; பிற உயிர்களும் அவ்வாறே விரும்புகின்றன என்று உணர்தற்கு அது சான்று. அதன்பின் ஆசிரியர், நண்பர், அயலார், பகைவர் என்று படிப்படியாக விரித்துச் செல்ல வேண்டும்.

பகைவரிடம் வரும்போது சினம் குறுக்கே நிற்குமானால் என் செய்வது? புத்தகோஷர் ஒரு வழி பயன்படாவிடில் மற்றொன்று என்று பல வழிகளை அடுக்கிச் செல்கிறார். அவனிடத்தில் உள்ள நற்குணம் ஒன்றையேனும் நினைக்கலாம். ஒன்றும் இல்லையெனில் அவன்மேல் இரக்கம் கொள்ளலாம். அவன் நமக்குத் தீங்கு செய்தது வெளியிலே. நம் உள்ளத்தை நாமே ஏன் புண்படுத்திக்கொள்கிறோம் என்று கேட்கலாம். பிறர்மேல் எறிவதற்காக நெருப்பைக் கையில் எடுத்தவன் முதலில் தன் கையையே சுட்டுக்கொள்வதை நினைக்கலாம். அதற்கும் தணியாவிடில், நாம் சினப்பது அவனுடைய தலைமயிரையா, நகத்தையா, பல்லையா, எலும்பையா என்று பகுத்துப் பார்க்கலாம். இவ்வாறு பகுக்குமிடத்து, சினம் ஊன்றி நிற்பதற்கு ஓரிடமும் கிட்டாது.

எல்லாம் தவறினால் இறுதியாக, அவனுக்கு ஒரு கொடை அளித்தல். சித்தலபர்வத விகாரையில் ஒரு மூத்த பிக்குவால் மும்முறை தம் இருப்பிடத்திலிருந்து எழுப்பப்பட்ட ஒரு தேரர், எட்டுக் கஹாபண விலையுடையதும் தம் தாய் தந்ததுமாகிய பிச்சைப் பாத்திரத்தை அவருக்கே கொடுத்த செய்தியை அங்கே காண்கிறோம். எண்ணத்தோடு போராடி அலுத்தவர், எண்ணத்திற்கு மாறான ஒரு செயலைச் செய்து அதன் வேரை அறுக்கலாம் என்பது இதன் கருத்து.

மூச்சும் கட்டுத்தறியும்

மக்களின் இயல்பை ஆறாகப் பகுக்கும் விசுத்திமக்கம், எண்ணங்கள் ஓயாது அலைபாயும் இயல்பை அவற்றுள் ஒன்றாக வைத்து, அதற்கு உரிய பயிற்சி மூச்சை நினைத்தலே என்கின்றது. காட்டுப்பசுவின் கன்றைப் பிரித்துக் கட்டுத்தறியில் கட்டினால், முதலில் இங்குமங்கும் துள்ளும். கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட இயலாமையால் பின்னர் அத்தறியின் அருகிலேயே படுத்துவிடும். மூச்சே கட்டுத்தறி, நினைவே கயிறு.

தொடக்கத்தில் மூச்சை எண்ண வேண்டும். ஐந்துக்குக் குறையவும் பத்துக்கு மேற்படவும் கூடாது. குறைந்தால் நெருக்கமான தொழுவத்தில் அடைபட்ட மாடுகளைப் போல மனம் முட்டிக்கொள்ளும். மிகுந்தால் மூச்சை விட்டு எண்ணிக்கையையே பற்றிக்கொள்ளும். முதலில் நெல் அளப்பவன் போல மெதுவாகவும், பழகியபின் தொழுவத்திலிருந்து வெளிவரும் மாடுகளை ஆயன் எண்ணுவது போல விரைவாகவும் எண்ணலாம். மூச்சு உள்ளே எங்குச் செல்கின்றது, வெளியே எங்குச் செல்கின்றது என்று தொடர வேண்டுவதில்லை. வாயிற்காவலன் நகரினுள் இருப்போரையும் வெளியே திரிவோரையும் ஆராய்ந்துகொண்டிருப்பதில்லை. வாயிலுக்கு வந்தோரையே நோக்குகிறான். அவ்வாறே மூச்சுத் தொடும் இடத்தில் நினைவை நிறுத்தினால் போதும்.

மீன் என்று பிடித்த பாம்பு

எண்ணத்தை விடுதல் என்பதன் முழுப்பொருளையும் 21ஆம் அதிகாரத்தில் உள்ள ஓர் உவமை காட்டுகின்றது. மீன் பிடிக்கச் சென்ற ஒருவன் நீரினுள் வலையில் கையை விட்டு ஒரு பாம்பின் கழுத்தைப் பிடித்துவிட்டான். பெரிய மீன் கிடைத்ததென்று மகிழ்ந்தான். தூக்கிப் பார்த்தபோது கழுத்திலிருந்த மூன்று குறிகளைக் கண்டு, பாம்பென்று அறிந்து அஞ்சினான். உடனே கையை உதறிவிடவில்லை, உதறியிருந்தால் கடியுண்டிருப்பான். கையைச் சுற்றியிருந்த வாலை மெல்லப் பிரித்தான், தலைக்கு மேல் சுழற்றி அதனைத் தளரச் செய்தான், பின்னர் எறிந்தான். கரையேறி நின்று தான் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தான்.

புத்தகோஷர் இதனை உலகப் பற்று முழுவதையும் விடுகின்ற உயர்ந்த ஞானநிலைக்கு உவமையாக்கினார். நாம் அன்றாட எண்ணத்திற்கும் இதனைப் பொருத்திக்கொள்ளலாம். நாம் எதற்கும் உதவோம் என்னும் எண்ணத்தை, உண்மையை உணர்ந்த அடக்கம் என்று கருதிப் பற்றியிருக்கிறோம். பழைய பகையை, நம்முடைய மானம் என்று கருதிப் பற்றியிருக்கிறோம். தூக்கிப் பார்த்து, இஃது இன்னது என்று அறிவதே முதற்படி. அறியாதவரை விட மனம் வராது. அறிந்தபின்னும் பதற்றமின்றியே விட வேண்டும்.

இன்றைய மருத்துவமும் பழைய நெறியும்

இக்காலத்து உளவியலார் இவ்வுண்மைகளைத் தம் வழியில் ஆராய்ந்துள்ளனர். 1984இல் இலங்கையரான பத்மல் டி சில்வா என்னும் உளவியல் அறிஞர், விதக்கசண்டான சூத்திரம் முதலியவற்றில் உள்ள முறைகள் இன்றைய நடத்தைச் சிகிச்சை முறைகளோடு ஒத்திருத்தலை எடுத்துக்காட்டினார். 1987இல் அமெரிக்க அறிஞர் டேனியல் வெக்னர் ஒரு சோதனை நடத்தினார். வெள்ளைக் கரடியை நினையாதீர் என்று சிலரைப் பணித்தார். அவர்களால் நினையாதிருக்க இயலவில்லை. தடையை நீக்கியபின், முன்னமே நினைக்க விடப்பட்டோரினும் மிகுதியாக நினைத்தனர். அமுக்கி அடக்குதல் ஏன் ஐந்தாம் இடத்தில் வைக்கப்பட்டது என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டுமோ?

மனச்சோர்வு நோய் மீண்டும் மீண்டும் வருவோருக்காக டீஸ்டேல், சீகல், வில்லியம்ஸ் என்னும் மூவர், மூச்சை நினைத்தலையும் எண்ணத்தை எண்ணமாகவே காணுதலையும் சேர்த்து எட்டு வாரப் பயிற்சி ஒன்றை அமைத்தனர். 2000இல் வெளிவந்த அவர்களது ஆய்வில், முன்பு மூன்று முறையோ அதற்கு மேலோ நோயுற்றவர்களுள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 100க்கு 66 பேரும், பயிற்சியும் பெற்றோரில் 100க்கு 37 பேரும் மீண்டும் நோயுற்றனர். இருமுறை மட்டும் நோயுற்றிருந்தோரிடம் அத்தகைய பயன் காணப்படவில்லை. எனவே இப்பயிற்சி வலிமையுடையதே. ஆயினும் எல்லார்க்கும் எல்லா நிலையிலும் ஒரே மருந்தன்று.

இதனை நாம் வற்புறுத்திக் கூறக் கடமைப்பட்டுள்ளோம். உணவும் உறக்கமும் வாரக்கணக்கில் குறைந்தவர், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழப்பெற்றவர், இல்லாத குரல்கள் கேட்பவர் ஆகியோர் தனியே அமர்ந்து தியானத்தால் தீர்த்துக்கொள்ள முயலுதல் தகாது. அவர்கள் மருத்துவரை அடைய வேண்டும். இந்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநல உதவிக்கு 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். தமிழிலும் தெலுங்கிலும் பேச வசதி உண்டு. உதவி நாடுதல் நெறிக்கு மாறானதன்று. பயிற்சியைத் தொடங்குமுன் நல்லாசிரியர் ஒருவரை, உற்ற நண்பராகக் கொண்டு அடைக்கலம் புகவேண்டும் என்று விசுத்திமக்கமே விதிக்கின்றது. தனியே போராடுக என்று அவ்வாசாரியர் எங்கும் கூறவில்லை.

விசுத்திமக்கத்தை ஆங்கிலத்தில் ஆக்கிய ஞாணமோலி பிக்கு ஆங்கிலேயர். இலங்கையில் துறவு பூண்டவர். அவருடைய மொழிபெயர்ப்பு 1956இல் கொழும்பில் வெளிவந்தது. ஆந்திரத்தைத் தாயகமாகக் கொண்டவர் என்று அறிஞர் கருதும், காஞ்சியில் வாழ்ந்த ஓர் ஆசாரியரின் நூல் இன்று உலகெங்கும் பயிலப்படுகின்றது. அவர் நடந்த மண்ணில் வாழும் நாம் அதனை அறியாதிருத்தல் முறையாகுமா? நாள்தோறும் கால்மணி நேரம் அமைதியாக அமர்ந்து, ஐந்து முதல் பத்து வரை மூச்சை எண்ணுவோம். இடையே ஒரு துன்ப எண்ணம் வருமாயின், அதனை வெறுக்கவும் வேண்டா. அதன் பின்னே செல்லவும் வேண்டா. வாயிலில் ஒருவர் வந்தார் என்று அறிந்து, மீண்டும் மூச்சுக்குத் திரும்புவோம். இன்று ஒருமுறை அவ்வாறு திரும்பினோமானால், நாளை திரும்புதல் சிறிது எளிதாகும்.